நாலு மணி நேரம்

ஜோலீன் பனியில் மண்டியிட்டு, ரத்தம் பட்ட இலையை மூக்கருகே கொண்டுபோனாள். சாண வாடை அடித்தது.

"குண்டு வயித்துல பட்டிருக்குப்பா."

"தெரியும்," என்றார் ஆர்வில். மானைச் சுட்டுவிட்டு, மரத்தில் சாய்த்திருந்த ஏணியிலிருந்து இறங்கியவர் அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபத்தொரு வயதில் இப்போதுதான் அவருடைய குறி இப்படித் தப்பியிருக்கிறது. "கை ஆடிருச்சு. போ, தடத்தைப் பிடிச்சுக்கிட்டே போ."

"இப்பவேவா? நாலு மணி நேரம் பொறுக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அந்த விஸ்கான்சின் காட்டில் அவர் வைத்த சட்டம் அது. வயிற்றில் அடிபட்ட மான் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். விட்டால் அங்கேயே அடங்கும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து சதுப்புக்குள் ஓடி, யார் கையிலும் சிக்காமல் துடித்துச் சாகும். இதை ஒருமுறை மீறியதற்காக மகன் டெனிஸை ஒரு வருடம் துப்பாக்கியைத் தொடவிடாதவர் அவர்.

"பனி வருது. தடம் மூடிரும்."

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"உங்கம்மா பின்னின ஸ்வெட்டர். பிணத்துக்குப் போட்டாலும் வேர்க்கும்."

"டெனிஸைக் கூப்பிடட்டா?"

"அவன் வந்தா மான் சிரிச்சே செத்துரும். நீ போம்மா. அதைத் துடிக்க விடாதே."

அவள் போனாள். ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் கிளையில் ஆரஞ்சு நாடாவைக் கட்டிக்கொண்டே குனிந்து நடந்தாள். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு பத்தடிக்கு ஒன்றாக. ஒரு ஊசியிலை மரத்தடியில் பனி மான் படுத்த வடிவில் உருகியிருந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது. புதிய குளம்புத் தடம் சதுப்பை நோக்கிப் போயிற்று.

எழுப்பிவிட்டாள்.

பனி கொட்ட இன்னும் எவ்வளவு நேரம் என்று நிமிர்ந்து பார்த்தாள். வானம் துடைத்துவைத்த நீலமாக இருந்தது. மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. அப்பா வானிலை சொன்னால் தலை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது.

முன்னால், மிக அருகில், ஒரு சுள்ளி முறிந்தது. புதருக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ அசைந்தது. நான்கு அடி நகர்ந்தால் சுட்டுவிடலாம்.

ஜோலீன் திரும்பி ஓடினாள்.

ஆர்வில் அதே இடத்தில் மரத்தில் சாய்ந்திருந்தார். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துத் தொப்பிக்குள் போட்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். போன் போட்டதும் எதிர் மேட்டிலிருந்து டெனிஸ் ஓடிவந்தான். மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் கழித்து, "போதும் ஜோ," என்று அவன்தான் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினான்.

ஆம்புலன்ஸ் சாலையோடு நின்றுவிட்டது. மானை இழுத்துவர வைத்திருந்த சறுக்குப் பலகையில்தான் அவரைக் காட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கயிறாக இழுத்தார்கள்.

அவரை ஏற்றியபின் ஜோலீன் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. மானைச் சுட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

"நீ ஏறிக்கோ. நான் வரல."

"அப்பா போயிட்டாரு. நீ மான் தேடப் போறியா?"

"அவர் சுட்டது. உள்ள கிடக்கு."

"கிடந்தா கிடக்கட்டும். நரி தின்னுட்டுப் போகட்டும்."

"அதை அவர்கிட்ட சொல்லிப் பாரேன்."

டெனிஸ் தன் கத்தியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவளிடம் நீட்டினான். "உன்னோடது மொக்கை," என்றான்.

மான், முதலில் படுத்த இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி மறுபடி படுத்திருந்தது. யாரும் பின்னால் வராததால் சதுப்புவரை போகவில்லை. பின்பக்கமாக வந்து, துப்பாக்கி முனையால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமை அசையவில்லை.

சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு குடலை எடுக்க வயிற்றைக் கீறி இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. காலையிலிருந்து மரத்துப்போயிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின. செய்ய வேண்டிய வேலை அப்படியே இருந்தது. அவள் கைகளை வெளியே எடுக்காமல், நெற்றியை மானின் விலாவில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.