குமிழில் ஒட்டியிருந்த சிவப்பு நாடா

காலையில் வந்ததும் முதல் வேலையாக, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நகக்கண் அளவுதான் இருக்கும். தூக்கிப்போட மனம் வரவில்லை, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் தலைமை ஆய்வாளரைத் தவிர எல்லாருக்கும் அவள் அக்கா. அங்கே சோதிக்கிற கண்ணாடித் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. அதில் மின்சாரம் ஓடும். உப்புத் தண்ணீரில் இறக்கி மைனஸ் பக்கம் குமிழைத் திருப்பினால், ஓர் எல்லைவரை சாதுவாக இருக்கும். தாண்டினால் பூச்சு செத்துப் பழுப்பேறிக் கறுத்துவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் தெளியாது. நாற்பத்தொரு தகடுகளைப் பலிகொடுத்து அந்த எல்லையைக் கண்டவள் அவள். குமிழைச் சுற்றியிருந்த எண்கள் எப்போதோ தேய்ந்துபோனதால், அந்த எல்லையில் சிவப்பு நாடா ஒட்டிவைத்தாள்.

முதல் தகடு கறுத்த அன்று தலைமை ஆய்வாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “கண்ணாடிக்கே உன் முகம் பிடிக்கல போலிருக்கு. பாரு, கறுத்துப்போச்சு!” கூடமே சிரித்தது. எல்லை கிடைத்ததும் அறிக்கையில் அவர் பெயர் மட்டும் ஏறியது. “கை சுத்தம் பத்தாது” என்று அவளைத் தகடு கழுவ அனுப்பினார். இரண்டு வருஷமாகக் கழுவுகிறாள். அவரோ நாடாவைப் பார்த்தே குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இன்று பூச்சை வாங்க ஒரு நிறுவனத்து அம்மாள் வந்திருந்தார். இந்த வியாபாரம் கை நழுவினால் கூடத்தையே மூடிவிடுவார்கள். அவள் வேலையும் போகும். தெரிந்துதான் சுரண்டினாள்.

“எத்தனை வருஷம் தாங்கும் சார்?”

“உங்க பேரன் காலம்வரைக்கும் தாங்கும்மா.”

குமிழில் கை வைத்த தலைமை ஆய்வாளர் குனிந்து தேடினார். கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “இங்க செவப்பா ஒண்ணு இருக்குமே, எங்க?”

“தெரியலையே சார். நான் கழுவுறவதானே.”

“சார், ஆரம்பிக்கலாமா?” என்றார் வந்தவர்.

ஆய்வாளர் குமிழைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம். அவள் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது, விழுங்கிவிட்டாள்.

தகட்டில் தண்ணீர் தொடும் விளிம்பில் தேநீர்க்கறைபோல ஒரு கோடு பிடித்தது. பிறகு பரவியது.

“இது என்ன நிறம்?”

ஆய்வாளர் குமிழைப் பின்னுக்குத் திருப்பினார். பார்வை அலைந்து அவள் மணிக்கட்டில் வந்து நின்றது.

“அக்கா...” என்றார், முதல்முறையாக.

அவள் கழுவிய தகடொன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொட்டுக்கறை உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.