மரம் மூச்சு விடாது என்றவன்

1.
பள்ளி மணியின் தயவில்லாமல் முடியப்போகும் முதல் வகுப்பறைக் கதை இதுதான். மற்ற எழுத்தாளர்கள் பாத்திரம் வசமாக மாட்டியதும் மணியை அடித்துவிட்டுத் தப்பிவிடுவார்கள். கையாலாகாதவர்கள். நான் அடிக்கமாட்டேன்.

கதை என் அறைத்தோழனுடையது. ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறான். துணி அலசிக்கொண்டே சொன்னான். "யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றான். சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

2.
'கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் பனியாய்ப் பொழிய...' வேண்டாம். அங்கே இருந்தது வெள்ளைப் பலகை.

மறுபடி. அவன் பயிற்சிக்குப் போன பள்ளியில் அவன் அக்காவே அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்புக்குக் கார்பன் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கழுத்தில் 'கார்பன்' என்று எழுதிய அட்டை. மேசைகளுக்குக் காற்று, மரம், மாடு, மண், நிலக்கரி என்று பெயர். பகடை உருட்டி, அந்த எண்ணுக்கு மேசையில் ஒட்டிய தாள் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே ஓட வேண்டும்.

"டீச்சர், நிலக்கரில மாட்டிக்கிட்டேன்! எத்தனை தடவை உருட்டினாலும் 'இங்கேயே இரு'ன்னே வருது!"

"கோடி வருஷம் ஆகும்டா. உக்காரு."

வாசலில் நின்ற தம்பி சிரித்தான். "இது வகுப்பா, சர்க்கஸா அக்கா? மரம் கரியமில வாயுவ இழுக்கும், நாம விடுவோம். ரெண்டே வரி."

"நாளைக்கு அந்த ரெண்டு வரிய வச்சு நீயே நடத்து. மேற்பார்வையாளர் வர்றார். கோட்டை விட்டா இன்னொரு வருஷம் பயிற்சிதான், தெரியும்ல?"

"ஜமாய்ச்சிடுறேன் பாரு."

(இங்கே அவனுக்குக் கொஞ்சம் அடக்கம் சேர்க்கப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3.
மறுநாள். மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். இரண்டு வரியும் தீர்ந்துவிட்டது, பாடவேளை தீரவில்லை.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், மரம் மூச்சு விடாதா?"

"விடாதும்மா. இழுக்க மட்டும்தான் செய்யும்."

"அப்ப வெடிச்சிடாதா சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் பேனா ஓடியது.*

* ஓடிய வேகத்தைப் பார்த்தால் பாராட்டுரை மாதிரித் தெரியவில்லை.

4.
தப்பிக்க வழிகள். அவன் மயங்கி விழலாம். ஆள் எடை அதிகம், யார் தூக்குவது? அக்கா ஓடிவந்து காப்பாற்றலாம். அவள் வந்தால் முதலில் காதைத்தான் திருகுவாள். மணி... சீச்சீ.

நடந்தது இதுதான். யார் முகத்தையும் பார்க்காமல், அக்காவின் அட்டை, தாள், பகடையெல்லாம் இருந்த அலமாரியைத் திறந்தான். "மேசையெல்லாம் ஓரமா தள்ளுங்கப்பா" என்றான். ஓர் அட்டையை எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, மரத்தடியில், அதாவது 'மரம்' மேசையருகில், நின்று பகடையை உருட்டினான்.

அந்தப் பெண் தாளை வாசித்தாள். "'மரம் மூச்சு விட்டது. காற்றுக்குப் போ.' சார், விடுதாமே!"

"விடுது. நான் சொன்னதுதான் தப்பு" என்றுவிட்டுக் காற்றுக்குப் போனான். அங்கிருந்து மரம், மண், கடைசியில் நிலக்கரி. இங்கேயே இரு. இங்கேயே இரு. பிள்ளைகள் கூச்சலில் கூரை பறந்தது.

மேற்பார்வையாளர் எழுந்து நிலக்கரி மேசைக்கு வந்தார். "தம்பி, நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா..."

தேர்ச்சியா, இன்னொரு வருஷமா? பகடை உங்கள் கையில், வாசகரே. எனக்கு ஒன்றும்

மணி அடித்தது.