ஸ்கார்வின் முகம்

சால்மன் மீன்கள் வயிறு கீறப்பட்டு பெல்ட்டில் வந்துகொண்டிருந்தன. இயந்திரம் விட்டுவைத்த குடலையும் ரத்தத்தையும் உறிஞ்சு குழாயால் எடுப்பது ஸ்டெய்னாரின் வேலை. கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. ரப்பர் பூட்ஸுக்குள் வலது காலின் விரல்கள் மட்டும் அவனைக் கேட்காமல் மடங்கி மடங்கி விரிந்தன.

எதிரே நின்ற லித்துவேனியாக்காரி ரூத்தா பார்த்துவிட்டாள்.

"பூட்ஸுக்குள்ள நண்டு பூந்துடுச்சா?"

"தாளம் போடுது."

"யாருகிட்ட கதை விடற? கரண்டு அடிச்ச மாதிரி துடிக்குது. ஏன்யா, வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னா உங்க ஊரு ஆம்பளைங்களுக்கு நாக்கு அழுகிடுமா?"

"வலிக்கலை. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"அது அதைவிட மோசமாச்சே" என்றாள் அவள். அதற்குள் அடுத்த மீன் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம், அவனோடு சேர்ந்து ராக் பேண்ட் நடத்தும் ஹால்வார் அவனை வரச்சொல்லியிருந்தான். பேசவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தான். வசந்த காலத்தில் பேண்ட் அமெரிக்கா போகிறது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்காரப்போவது தானா இல்லையா என்பதுதான் பேச்சு என்று ஸ்டெய்னாருக்குத் தெரியும். 

பள்ளிக்கூட அணிவகுப்பு வாத்தியக் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நடந்த பையன்கள் அவர்கள் இரண்டு பேரும். ஸ்டெய்னார் பறையடித்தான், ஹால்வார் எக்காளம் ஊதினான். மீசை முளைத்ததும் பள்ளிக்கூடத்துக்கு அடியிலிருந்த குண்டுவீச்சுப் பதுங்கறையில் பேண்ட் ஆரம்பித்தார்கள். ரிம்தோக்கா, அதாவது உறைபனி மூட்டம், என்று பெயர். முகத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் கறுப்பு தீட்டி, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். பாறைமேல் இறக்கை காயவைக்கும் நீர்க்காகத்தின் பெயரான ஸ்கார்வ் என்பதை ஸ்டெய்னார் எடுத்துக்கொண்டான். கண்ணிலிருந்து காதுவரை இழுத்த கறுப்புக் கோடு அவனே கண்ணாடி முன் நின்று கண்டுபிடித்தது. அந்த முகம் ஜப்பானில் சட்டையில் அச்சானது, பிரேசிலில் ஒருவன் அதை முதுகில் பச்சை குத்திக்கொண்டான். ஊர் ஊராய்ப் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி மீன். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. சிநேகிதனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று அப்போது எல்லோருக்குமே கூச்சம்.

போன வருடம்தான் கால் மக்கர் செய்தது. மிதி என்றால் மிதிக்காது, விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை, ஒலிப்பொறியாளனிடம் மட்டும் சொன்னான். ஒரு சீசனுக்கு மட்டும், கால் அடிக்கவேண்டிய பெரிய டிரம்மைக் கம்ப்யூட்டர் அடிக்கட்டும் என்று கேட்டதும் ஸ்டெய்னார்தான். மேடையில் சும்மா காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிழைத்தோம் என்று அன்றைக்கு அவன் சந்தோஷப்பட்டான்.

நரம்புக் கோளாறு, குணமாகும் என்று உறுதியில்லை என்றார் டாக்டர். தொழிலால் வந்த ஊனத்துக்கு அரசாங்க உதவி உண்டே என்று அதற்கான அலுவலகத்தில் போய்க் கேட்டான். டிரம்ஸ் வாசிப்பு அவனுக்குத் தொழில் அல்ல, எங்கும் சம்பளக்காரனாக இருந்ததில்லை என்று ஒரு மேசையில் சொன்னார்கள். மீன் ஆலையில் வந்ததல்ல, டிரம்ஸால் வந்தது என்று இன்னொரு மேசையில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஹால்வார் ஒத்திகை அறையில் காப்பியோடு காத்திருந்தான். கோப்பையை நீட்டும்போதே அவன் கண்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டன.

"மழை விடவே மாட்டேங்குதுல்ல" என்றான்.

"பெர்கன்ல என்னைக்குடா விட்டிருக்கு? சொல்ல வந்ததைச் சொல்லு."

"கால் விஷயம் எனக்குத் தெரியும்டா. போன வருஷமே தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கலையா?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லலை. சரி, அவனே சொல்லட்டும்னு..."

இரண்டு பேரும் காப்பியைக் குடித்தார்கள்.

"கம்ப்யூட்டர் அடிக்கட்டும்டா. போன வருஷம் ஓடலியா? ஒருத்தனாவது கண்டுபிடிச்சானா?" என்றான் ஸ்டெய்னார். கெஞ்சுகிறோம் என்று அவனுக்கே கேட்டது.

"அதான்டா. ஒருத்தனும் கண்டுபிடிக்கலை." ஹால்வார் கோப்பையைக் கீழே வைத்தான். "இப்ப உன் ஒடம்பு காலைத் தேடிச் சாயுது, கையும் பின்தங்குது. எஸ்கில்னு ஒரு பையன், ஸ்தவாங்கர்காரன். நல்லா வாசிக்கிறான்."

"ஓஹோ. அவனுக்கு என்ன பேரு வெக்கப் போறீங்க?"

ஹால்வார் மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

"ஸ்கார்வ்தான்."

"டேய், அது நான்டா."

"போஸ்டர் எல்லாம் அந்த மூஞ்சிதான் இருக்கு. ஜனங்க அதைப் பாக்கத்தான் வராங்க. பேரு பேண்டோடதுடா, எல்லாரும் சேந்து வெச்சதுதானே? நீயும் எங்ககூடத்தான் வரப்போற. டிரம்ஸ் மாட்டறது, ஏத்தறது எறக்கறது, உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? கால் சரியானதும் பாத்துக்கலாம்."

வீட்டில் அவன் மனைவி சில்யே ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே கேட்டாள். "நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"செருப்பால அடிச்ச மாதிரி கேட்டிருக்கான், சரின்னுட்டு வந்திருக்க."

"பக்கத்துலயாவது இருக்கலாம்ல, சில்யே?"

அவள் ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

அமெரிக்கா போவதற்குமுன் பெர்கனிலேயே ஒரு நிகழ்ச்சி. மதியம் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவதால் முகம் தயாராகவேண்டும். எஸ்கில் தானே தீட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிமுன் விழித்துக்கொண்டிருந்தான். முகம் ஓட்டலில் வைத்த பாண்டாக் கரடி பொம்மையாகியிருந்தது. டிரம்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஸ்டெய்னாரை ஹால்வார் கூப்பிட்டனுப்பினான். ஸ்டெய்னார் துணியால் பழையதைத் துடைத்து, வெள்ளை பூசிவிட்டு, கறுப்பு தோய்த்த பஞ்சை எடுத்தான். கண்ணோரத்தில் தொடங்கி ஒரே இழுப்பாகக் காதுவரை இழுத்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றான் எஸ்கில். நல்ல பையன், அதுதான் கஷ்டம். "ஒலிப்பொறியாளர் சொன்னார். நீங்க நல்லா இருந்தப்ப காலால அடிச்சதை ஒவ்வொண்ணா பதிவு பண்ணி வெச்சிருக்காராம். நான் மிதிச்சா உங்க அடிதான் கேக்குமாம். எனக்குப் பெருமையா இருக்குண்ணே."

"தலைய ஆட்டாத. கோடு கோணிடும்" என்றான் ஸ்டெய்னார்.

படமெடுத்து முடிந்து ஒலிச் சோதனை தொடங்கியதும் அவன் பின்கதவு வழியாக வெளியே வந்து, மேலுதட்டுக்கு அடியில் சிறு புகையிலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு கூரைத் தாழ்வாரத்தில் நின்றான். கால் துடித்துக்கொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி ஒரு தடித்த ஜெர்மன்காரன் காத்திருந்தான். சட்டை முழுக்க இசைக்குழுக்களின் பெயர் பொறித்த துணித்துண்டுகள். பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய போஸ்டர் ஒன்றைப் பத்திரமாக உருவினான். மடிப்புகள் வெளுத்திருந்தன. படத்தில் குச்சிகளைத் தலைக்குமேல் தூக்கியபடி ஸ்கார்வ்.

"நீங்க உள்ள வேலை பாக்கறவருங்களா? ஒரே ஒரு உதவி" என்றான். "பதினஞ்சு வயசுல இதை மாட்டி வெச்சுப் பாத்துதான் நானும் டிரம்ஸ் கத்துக்கிட்டேன். அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுங்களா?"

பேனாவையும் நீட்டினான். ஸ்டெய்னார் போஸ்டரைச் சுவரில் வைத்து அழுத்தினான். படம் எடுத்த அந்த இரவு ஓஸ்லோவில், அவன் விரல் தோல் உரிந்து குச்சியெல்லாம் ரத்தம். படத்தின் கன்னத்துக்குக் கீழே கை தானாகவே பழைய சுழிப்போடு ஸ்கார்வ் என்று எழுதி, வால் இழுத்து முடித்தது.

"ஐயய்யோ, என்னய்யா பண்ற!" ஜெர்மன்காரன் போஸ்டரைப் பிடுங்கினான்.

"நான்தான்... அது நான்தான்யா."

"யாரை ஏமாத்தப் பாக்கற? அவரு உள்ள வாசிச்சுக்கிட்டிருக்காரு, காது கேக்கலையா?"

உள்ளே பெரிய டிரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கதவின் இரும்புச் சட்டம்வரை அந்த அதிர்வு வந்தது. ஓரடிகூடப் பிசகவில்லை. 

ஜெர்மன்காரன் அழாத குறையாகச் சட்டைக் கையை எச்சிலில் தொட்டு, காயாத மையைத் தேய்த்து அழிக்கத் தொடங்கினான். தேய்க்கத் தேய்க்க மை மேலேறி, அந்த முகத்தின் வெள்ளை முழுக்கப் பரவியது.