லிட்டருக்குப் பதினாலு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் சூடாமணி. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சிவப்பு மசிப் பேனாவைக் கீழே வைக்காமலே இதைச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. எங்காத்துக்காரர் கதையெல்லாம் படிக்கமாட்டார்" என்றார்.

முதல் வரிக்கே தடுமாறினேன். "தொண்ணூற்றாறில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் லாரி வாங்கினார்" என்று எழுதினேன். அது லாரி இல்லை, டீசல் பிக்கப். முன்னால் நாலு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அடுத்து, "சிக்கனம் என்பது ஒரு" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். கட்டுரை எழுதுகிறவனுக்கு அந்த வண்டியில் இடமில்லை.

2

சூடாமணியின் கணவர் ராகவேந்திரனைக் கஞ்சனாக எழுத ஆசைப்பட்டேன். சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவர் தங்கைகளுக்குக் கடன்பட்டுக் கல்யாணம் செய்துவைத்தவர். மனைவிக்குப் பட்டுப்புடவை எடுக்கும்போது விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காதவர். கிண்டித் தொழிற்பேட்டையில் மேலாளர். வண்டியில் ஏற்ற அவரிடம் ஒரு மூட்டைகூடக் கிடையாது. பெட்ரோல் விலையில் பாதிக்கும் கீழே டீசல் விற்ற காலம், அவ்வளவுதான் காரணம்.

எதிர்வீட்டு அம்பி கேலி செய்வார்.

"என்ன ஓய், காய்கறி ஏத்தற வண்டில ஆபீஸ் போறீர்?"

"சிரியும். உம்ம கார் குடிக்கறதுல பாதிதான் இது குடிக்கறது. லிட்டருக்குப் பதினாலு."

(அந்த வகை வண்டிக்குப் பன்னிரண்டு கிடைத்தாலே அதிகம் என்று மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார். மீதி இரண்டையும் ராகவேந்திரன் தன் கையால் சம்பாதித்தார்.)

எப்படியென்றால், சிவப்பு விளக்கில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பார். இறக்கம் வந்தால் கியரை விடுவித்து, அங்கேயும் அணைத்துவிடுவார். வண்டி தன் கனத்தில் உருண்டு போகும். எங்கள் பள்ளியும் கிண்டியில்தான் என்பதால், போகவர தினமும் பக்கத்து இருக்கையில் சூடாமணி.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லப்படாது. எனக்கு அது பிடிச்சிருந்தது. அந்த டடடட சத்தம் நின்னு, காத்து மட்டும் கேக்கும். அந்த ஒரு நிமிஷந்தான் நாங்க பேசிக்கவே முடியும்."

இந்த வரியைக் கேட்ட பிறகுதான் கதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

3

மாலை வெயில் அடையாற்றின் மேல் தங்கமாக

(அடித்துவிட்டேன். ஆற்றின் நாற்றத்தை மறைக்க வெயிலைக் கூப்பிடுகிறேன்.)

கிண்டியிலிருந்து திரும்பும் வழி. சைதாப்பேட்டைப் பாலத்தின் உச்சியில் பஸ் ஒன்று முன்னால் நின்றது. பஸ் நகர்ந்தது. இறக்கம் தொடங்கியது. வழக்கம்போலச் சாவியைத் திருப்பினார். உருண்டுகொண்டே அந்தப் பஸ்ஸுக்காக இரண்டு தடவை பிரேக்கை அழுத்தினார். தங்கை மகள் ஸ்நேஹாவின் ஜாதகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே, கரையோரக் குடிசைகளிலிருந்து பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். பெயர் முத்தம்மா. லாரித் தண்ணீர் பிடிக்க அந்தப்பக்கம் போகிறாள்.

அந்த வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக் இலகுவாக இறங்கும். அணைந்த பிறகு ஓரிரு மிதிக்குத் தாங்கும். அப்புறம் மிதிக்கட்டை கல்லாகிவிடும். அந்த ஓரிரு மிதி பாலத்து இறக்கத்திலேயே செலவாகியிருந்தது. ராகவேந்திரன் இரண்டு காலாலும் மிதித்தார். ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் சத்தமும் இல்லாததால் முத்தம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை.

4

கூட்டம் கூடியது. முத்தம்மாவின் கணவர் முருகையன் ஓடி வந்தார். யாரையும் அடிக்கவில்லை. "தூக்கு, தூக்கு, இந்த வண்டிலயே போட்டுகினு போலாம்" என்று மட்டும் சொன்னார். பின்தொட்டியில் படுக்கவைத்தார்கள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முருகையன் உட்கார்ந்தார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி பறந்தது. ராகவேந்திரன் அழுதுகொண்டே ஓட்டினார். அந்த அழுகையை நான் சந்தேகிக்கவில்லை, நீங்களும் சந்தேகிக்க வேண்டாம்.

நந்தனம் சிக்னலில் சிவப்பு. முன்னால் வண்டிகள் அடைத்து நின்றன.

அவர் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

சத்தம் நின்றது. பின்னாலிருந்து முத்தம்மாவின் முனகல் தெளிவாகக் கேட்டது.

"ஆன் பண்ணுங்கோ" என்றார் சூடாமணி.

"என்னது?"

"எஞ்சினை ஆன் பண்ணுங்கோ."

அவர் தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

5

முத்தம்மா பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தச் சிக்னலில் எதுவும் மாறிவிடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கதைக்கு இது வசதிக்குறைவு. அவளைச் சாகடித்திருந்தால் உங்களுக்கு அந்தச் சாவி இன்னும் கனமாக இருந்திருக்கும். அதற்காக ஒரு பெண்ணைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழக்கு சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வந்தது. ராகவேந்திரன் தரப்புச் சாட்சி சூடாமணி. வக்கீல் வீட்டுக்கே வந்து பாடம் சொன்னார்.

"பிரேக் பிடிக்கலைன்னு சொன்னா போறும் மாமி. அது நிஜந்தானே?"

நிஜந்தான்.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். சூடாமணி அதையே சொல்கிறார், கணவர் விடுதலையாகிறார், இருவரும் பேச்சற்று வீடு திரும்புகிறார்கள். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன், நடந்தது வேறு என்பதால். கூண்டில் ஏறிய சூடாமணி, "பிரேக் பிடிக்கலை. இவர் எஞ்சினை அணைச்சிருந்தார். இறக்கத்துல எப்பவும் அணைப்பார்" என்றார். ராகவேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபராதம் போட்டு அனுப்பினார்கள். அன்று பிற்பகலே அவர் ஆபீசுக்குப் போனார். அதே வண்டியில்தான். சூடாமணி நங்கநல்லூரில் அண்ணா வீட்டுக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், மின்சார ரயிலில் பள்ளிக்கு வருகிறார்.

6

இங்கே முடித்திருக்கலாம். உண்மை சொன்ன பெண், தண்டனை போதாத கணவன். பத்திரிகைக்கு இது போதும்.

ஆனால் தீர்ப்பன்று கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் முத்தம்மா கட்டையை ஊன்றி நின்றிருந்தாள். சூடாமணி அவளிடம் போனார். "நன்றி எதிர்பார்த்துப் போனேனோ என்னமோ" என்று என்னிடம் சொன்னார்.

முத்தம்மா கோபமாகப் பேசவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்ட. சரி. தெனம் அணைப்பாருன்னு சொன்னியே. தெனம் பக்கத்துல நீதானம்மா குந்திகினு இருந்த. அப்ப இன்னா பண்ணிகினு இருந்த?"

சூடாமணி பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நான் அவருக்காகச் சில பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது." (பொய். கணக்கு டீச்சர், பிரேக் இறுகுவதைக் கணவரின் காலைப் பார்த்தே அறிந்தவர்.)

"சொன்னா கேக்கமாட்டார்." (சொன்னதே இல்லை.)

"மன்னிச்சிடுங்கோ, எனக்கு அந்த ஒரு நிமிஷம்

இதற்கு மேல் எழுத வரவில்லை. முத்தம்மா இன்னும் வேப்பமரத்தடியில் கட்டையை ஊன்றி நிற்கிறாள். ரொம்ப நேரம் அவளால் நிற்க முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.