கேட்கிறவர் முன்னால்

எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் விரல் சும்மா இருக்காது. நான் விடுப்பில் இருந்தபோது சர்வர் திரையில் "புதுப்பிக்கவா?" என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. மகராசன் "சரி" என்று அழுத்திவிட்டார். சிஸ்டம் மொத்தமும் புதுசாகிவிட்டது. அலுவலகத்து மெயில் மட்டும் படுத்துக்கொண்டது.

தராசுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. எடைக்கற்கள் அடுக்கிய அறையின் மூலையில் சர்வர் இருக்கிறது, அதை ஒட்டி என் மேசை. மெயில் மென்பொருளை நானே கம்பைல் செய்து, அதாவது நிரலிலிருந்து இந்த சர்வரில் ஓடும்படி உருவாக்கி, நிறுவினேன். என் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு வேறு யாரையும் அதன்மேல் கைவைக்க விட்டதில்லை.

"எதுக்கு மேடம் இந்தத் தலைவலி? வெளியில ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடலாமே," என்று மேலாளர் காலையிலேயே வந்து கதவருகே நின்றார்.

"நீங்க எதையும் தொடாம இருந்தாலே பாதி வலி போயிடும் சார்," என்றேன்.

அவர் போனதும் லாகைத் திறந்தேன். யார் எப்போது கதவைத் தட்டினார்கள், என்ன பதில் சொன்னோம் என்று சர்வர் தானாக எழுதி வைக்கும் கோப்பு அது. எல்லாருக்கும் ஒரே பதில்தான் போயிருந்தது. இப்போது முடியாது, பிறகு வா. எங்கள் முகவரிகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. புது சிஸ்டத்தில் அதைப் படிக்க மெயில் மென்பொருளுக்குத் தெரியவில்லை. சலிப்போடு தள்ளிக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

அனுப்புபவரின் முகவரி 'சுண்டெலி' என்று தொடங்கியது. பெறுபவர் நான்.

என் மகளை நான் கூப்பிடும் செல்லப்பெயர் அது, எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டுக் கணினியில் உட்கார்ந்து என் அலுவலக முகவரிக்குத்தான் மெயில் போடுவாள். "அம்மா, பசிக்குது. எப்ப வருவே?" தினமும் அதே வரி. "வந்துட்டே இருக்கேன்," என்று நானும் பதில் போடுவேன். போடும்போது நாற்காலியை விட்டு எழுந்துகூட இருக்க மாட்டேன்.

பசி பசி என்று உயிரை வாங்கியவள், கல்லூரி கடைசி வருடத்தில் படிப்பைத் தூக்கியெறிந்துவிட்டுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறேன் என்றாள். கத்தினேன். தப்பா? இன்றைக்கும் கத்துவேன். "நீயா கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்று அவள் சொன்னாள். "நீயா கேக்காம நான் கூப்பிட மாட்டேன்," என்று நான் சொன்னேன். அதோடு சரி. அவள் எண் மாறியது. வருடங்கள் போயின. அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு பெண்பிள்ளைகளின் வீம்புக்கு நடுவில் வாயில்லாப் பூச்சியாகிவிட்டார்.

இப்போது அவள் எழுதியிருக்கிறாள். எங்கள் கதவு திறக்கவில்லை.

ஒரு மெயில் போய்ச் சேரவில்லையென்றால் அனுப்பும் பக்கத்துச் சர்வர் உடனே விட்டுவிடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தட்டும். பெரும்பாலும் ஐந்து நாள் தட்டும். பிறகு சலித்துப்போய், எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடும். "இந்த முகவரி உங்கள் கடிதத்தை ஏற்கவில்லை" என்று ஒரு குறிப்பும் சேர்த்து. லாகில் முதல் தட்டலின் தேதியைப் பார்த்தேன். இன்றோடு கெடு முடிகிறது.

அந்தக் குறிப்பை என் மகள் எப்படிப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். டேட்டாபேஸ், சர்வர் எல்லாம் அவளுக்கு எதற்கு? அம்மா கதவைச் சாத்திவிட்டாள் என்றுதான் படிப்பாள். நிரலை எடுத்துப் புது சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடியும் கம்பைல் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் டேட்டாபேஸைப் படிக்கும் லைப்ரரியே, அதாவது அதற்கான தயார் நிரல் தொகுப்பே, இல்லை என்றது. நிறுவினேன். வேறு இடத்தில் தேடிவிட்டு மறுபடியும் இல்லை என்றது. இடத்தைக் காட்டினேன். அப்புறம்தான் லிங்கரின் முறை வந்தது. நிரல் துண்டுகளையும் அவற்றுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் கோத்து ஒரே மென்பொருளாக்குகிற கடைசி ஆள் அது. 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று திரை முழுக்க ஒப்பாரி வைத்தது. அதாவது, கேட்ட பெயர் எங்கேயும் கிடைக்கவில்லையாம். அந்தப் பெயர்கள் எல்லாம், தகவலைப் பூட்டித் திறக்கும் குறியாக்க லைப்ரரிக்குள் இருக்கின்றன. திறந்து பார்த்தேன், குத்துக்கல்லாக இருக்கின்றன. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறது சனியன்.

நடு மத்தியானம் லாகில் சுண்டெலி மறுபடியும் தட்டினாள். இப்போது முடியாது, பிறகு வா. என் சர்வர் என் கண்முன்னால் என் பெண்ணை விரட்டியது. மேசையை ஓங்கி அறைந்தேன். அலமாரியில் எடைக்கற்கள் குலுங்கின.

பேருந்து நிலையத்திலிருந்து என் கணவர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, அவ முகவரிதான் கெடச்சிடுச்சே. உன் போன்லேர்ந்து நீயே ஒரு வரி மெயில் போடேன்."

"என்னன்னு போட? அவ என்ன எழுதியிருக்கான்னே தெரியாதுங்க. ஏதோ சான்றிதழ் வேணும்னு கேட்டிருந்தா? அவ எழுதினதுக்கு நான் போட்டா பதில். சும்மா போட்டா கெஞ்சல்."

"கெஞ்சினா என்ன? நம்ம புள்ளதானே."

"வண்டிக்கு நேரமாகலையா உங்களுக்கு?" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுகை வந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்தேன். அதே ஒப்பாரி. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. வெளிச்சம் சன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. லிங்கருக்குக் கொடுத்த கட்டளையை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது.

குறியாக்க லைப்ரரியை முன்னாலும் டேட்டாபேஸ் லைப்ரரியைப் பின்னாலும் எழுதியிருந்தேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். குறியாக்க லைப்ரரியிடம் வந்ததும், இதுவரை இதை யாராவது கேட்டார்களா என்று பார்த்தது. யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்டு நகர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த டேட்டாபேஸ் லைப்ரரி, எனக்கு அது வேண்டுமே என்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய லிங்கர் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தது. புதியது கறார்ப் பேர்வழி. கேட்கிறவர் முன்னால் வரவேண்டும், கொடுக்கிறவர் பின்னால். இவ்வளவுதான்.

இரண்டு சொற்களை இடம் மாற்றினேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் முடிந்தது. மென்பொருளை ஓடவிட்டதும் காத்துக் கிடந்த மெயில்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தன. தராசுக் கடைக்காரர்கள், விளம்பரங்கள், சான்றிதழ் எங்கே என்று திட்டியவர்கள். சுண்டெலியைக் காணோம்.

மேலாளர் எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா மேடம்? பிரமாதம்!" என்றார். தலையாட்டினேன். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அடுத்த தட்டலுக்கான நேரம் வந்தது, போனது. அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தேன். தட்டல் இல்லை. மத்தியானம் தட்டியதுதான் கடைசி. இந்நேரம் அந்தக் குறிப்பு கப்பலுக்குப் போயிருக்கும். ஒரு சமையற்கட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அதைப் படித்திருப்பாள்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கட்டளை இன்னும் அதில் இருந்தது, இடம் மாறிய இரண்டு சொற்களோடு.

போனை எடுக்கவில்லை. எந்த முகவரி அவளை விரட்டியதோ அதிலிருந்தே போகட்டும் என்று அலுவலக மெயிலைத் திறந்தேன். சர்வர் கெட்டுப்போன கதையை எழுதி அழித்தேன். மேலாளர் விரலைப் பற்றி எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் நின்றது ஒரு வரிதான்.

"சுண்டெலி, பசிக்குது. எப்ப வருவே?"

அனுப்பினேன். அந்தப் பக்கத்துச் சர்வர் வாங்கிக்கொண்டதாக லாகில் விழுந்தது. சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்து, விளக்கை அணைக்க எழுந்தேன். திரையில் ஒரு வரி நகர்ந்தது. அனுப்புபவர், சுண்டெலி. பெறுபவர், நான். சேர்க்கப்பட்டது.

நின்றபடியே திறந்தேன்.

"வந்துட்டே இருக்கேன்."

அவள் என் மகள். நாற்காலியை விட்டு எழுந்தாளோ என்னவோ.