போண்டா மடித்த பாதி

“மாத்திரைக்கு வலி எங்க இருக்குதுன்னு யாருப்பா வழி சொல்றது?” என்று ஐந்து வயதில் சங்கவி கேட்டாள். அவள் அப்பா வேங்கடேசனுக்குப் பதில் தெரியவில்லை. “சாமிதாம்மா” என்று சொல்லிவைத்தார். சங்கவி வளர்ந்து, கல்யாணமாகிப் பண்ருட்டிக்கும் போய்விட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு 2011 வரை வரவேயில்லை.

திண்டிவனத்தில் நிலக்கடலை வாங்கி விற்கிற ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர் அவர். காலையில் தராசைத் துடைத்து, பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூட்டை தூக்குகிற ஆறு பேருக்கும் பேப்பர் படித்துக் காட்டுவார். அந்த வருஷம் தைமாதத்தில் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் புற்றுநோய் குறைவாக வந்திருக்கிறதாம்; எங்கோ வெளிநாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பேப்பர் இல்லை. டீக்கடை வீரம்மாள் பழைய பேப்பர் தீர்ந்துபோனால் அன்றையதிலேயே கை வைக்கிறவள். கீழ்ப்பாதியைக் கிழித்து யாருக்கோ போண்டா மடித்துக் கொடுத்திருந்தாள்.

“அப்புறம் இன்னா சார் போட்ருக்கான்?” என்றான் அந்த ஆறு பேரில் ஒருவனான விருத்தாசலம்.

“அப்புறம் இன்னா, நல்லதுன்னு முடிச்சிருப்பான்.”

விருத்தாசலத்தின் அப்பா புகையிலை போட்டுப் புற்றுநோய் வந்து, சோறு இறங்காமல் ஆறு மாதம் கிடந்து செத்தவர். மகனும் புகையிலை போடுகிறவன்தான். ஒவ்வொரு கவளத்தையும் அது இறங்குகிறதா என்று கவனித்தே விழுங்குவான். இடுப்பு வலிக்குக் காலையில் ஏற்கெனவே ஒரு மாத்திரை உண்டு. மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அன்றுமுதல் அது இரண்டாயிற்று. “காலையில இடுப்புக்கு, சாயங்காலம் கேன்சருக்கு” என்பான். புகையிலை அதிகமாகிற நாளில் பரிகாரமாக மூன்றாவது. எல்லாம் வெறும் வயிற்றில், டீயோடு. அவனைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் மாதம் அவன் தராசுப் பலகையின்மேலேயே மயங்கி விழுந்தான். “அறுபத்திரண்டு” என்று பழக்கதோஷத்தில் வேங்கடேசன் வாய் சொல்லிவிட்டது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி தையல்நாயகி அழுதாள். “பத்து நாளா தார் மாதிரி கருப்பா வெளிய போய்க்கினு இருந்துச்சாம்ணா. எங்கிட்ட மூச்சு விடல. மாமாவுக்கு வந்தது உனக்கும் வந்துட்சான்னு கேட்டா, வராது, பேப்பர்லயே போட்டுட்டான்றாரு.”

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க உள்ளே கொண்டுபோனார்கள். வேங்கடேசன் சுவரோரம் நின்று மயிலம் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். எடுப்பதற்கு அவர் தலையில் அதிகம் இல்லை. முருகன் கணக்குப் பார்க்க மாட்டார் என்று நம்பினார்.

“கேன்சர் இல்ல” என்றார் டாக்டரம்மா. “மாத்திரையால வந்த புண்ணு. ரத்தம் கசிஞ்சிருக்கு. தினம் இத்தனை போடச் சொன்னது யாரு?”

“சார் படிச்சாரும்மா” என்று விருத்தாசலம் படுத்தபடியே பெருமையாகக் கை காட்டினான். “இவரு படிச்சா தப்பா இருக்காது.”

வேங்கடேசன் ஊர் திரும்பியதும் நேராக நூலகத்துக்குப் போய் அந்தத் தேதிப் பேப்பரைத் தேடி எடுத்தார். கீழ்ப்பாதி அங்கே முழுசாக இருந்தது. இந்த மாத்திரைகளால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம், டாக்டரைக் கேட்காமல் யாரும் இதற்காகச் சாப்பிடக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மறுநாள் பெஞ்சில் அதைப் படித்துக் காட்டினார். “இல்லாத பாதிய நானா சொல்லிட்டம்பா. எல்லாரும் நிறுத்துங்க” என்றார்.

“எம் போண்டா மேல பழி போடாதீங்க சார்” என்றாள் வீரம்மாள்.

“உம் மேல இல்லம்மா. படிச்சவன் மேலதான்.”

ஒன்றரை மாதத்தில் விருத்தாசலம் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மண்டிக்கு வந்து நின்றான். பாரம் இப்போது வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேங்கடேசன் பேப்பரின் கீழ்ப்பாதியில் இருந்ததை அவனுக்கும் சொல்லி, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார்.

“அத்த வுடுங்க சார், எனக்குத்தான் கேன்சர் இல்லியே. எனக்கு மட்டும் எறக்கம் காட்டினீங்கன்னா, முடியாதவன்னு அடுத்த லோடுக்கு என்னிய கூப்புட மாட்டானுங்க.”

மண்டியில் மூட்டைகளை முதல் நாளே ஆறு வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. தினமும் ஒன்று தள்ளி நிற்பார்கள். தோலோடு இருக்கிற மல்லாட்டை மூட்டை நாற்பது கிலோ. தோலை உடைத்து எடுத்த பருப்பு, மண்டிப் பேச்சில் பயறு, எண்பது. எந்த வரிசையில் எது விழும் என்று யாரும் பார்ப்பதில்லை. நாளையிலிருந்து தூக்கப்போகிற விருத்தாசலத்துக்கு மூன்றாவது வரிசை என்று வேங்கடேசனுக்குத் தெரியும்.

மறுநாள் ஆள்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மண்டியைத் திறந்தார். பேனாவைத் தவிர எதையும் தூக்கியறியாத மனிதர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூன்றாவது வரிசையில் ஐந்து பயறு மூட்டைகள் இருந்தன. முதலாவதன் காதைப் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. பிள்ளையாரை ஒருமுறை பார்த்துவிட்டு, முதுகைக் கொடுத்து உந்தினார், நகர்ந்தது. மற்ற வரிசைகளுக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அங்கிருந்து தோல்மூட்டைகளை இழுத்து வந்து இடத்தை நிரப்பினார். ஆளுக்கு ஒரு பயறு மூட்டை கூடினால் யாருக்கும் தெரியாது. முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை.

இழுத்த தடங்கள் தரைப் புழுதியில் நீளநீளமாகக் கிடந்தன. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. வேங்கடேசன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்த வாக்கிலேயே துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.