மிஸிஸ் இரத்தினசிங்கத்தின் இரண்டாவது சத்தம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் தனியார் தாதியர் கல்லூரிக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். நோய் தேவையில்லை, அது உடுப்பிலேயே இருக்கிறது. கையில்லாத அந்த உடுப்புக்குள் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். டெப் என்கிற கைக்கணினியில் ஒரு வருத்தத்தை, அதாவது நோயை, தெரிவு செய்தால், போட்டிருப்பவரின் நெஞ்சில் அந்த வருத்தத்தின் சத்தம் வரும். மாணவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனை நாளன்று எங்கள் பிளட்ஸ் குடியிருப்பிலிருந்து மிஸிஸ் இரத்தினசிங்கமும் நானும் போனோம். கட்லட்டும் தேத்தண்ணியும் உண்டென்று கேள்வி. நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். அவர் காப்பைக் கழற்றினார், தோட்டைக் கழற்றினார். தாலிக்கொடியை மட்டும் சட்டைக்குள் தள்ளிவிட்டு உடுப்பை மேலே மாட்டிக்கொண்டார். உடுப்பு மாற்றும் மூலையின் திரைச்சீலை சரியாக மூடியிருக்கவில்லை, கண்ணில் பட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் வந்தவள் மூன்றாம் மாடி யதுஷா. போன தடவை, காதில் விழாத சத்தத்தைப் புத்தகத்தில் உள்ளபடி ஒப்புவித்துக் கோட்டை விட்டவள். இந்த முறையும் தவறினால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும். ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்த சங்கதிதான். நான் மட்டும் பரப்பியதல்ல.

"என்ன கேக்குது புள்ள?" என்றார் சோதனை எடுக்கும் பஹ்மியா மிஸ். டெப் அவர் மடியில் இருந்தது.

"ரெண்டு சத்தம் மிஸ். ஒண்டு வால்வில வாற இரைச்சல். மற்றது என்னவோ உரஞ்சுற மாதிரி."

"இரைச்சல் சரி. உரசுற சத்தம் நான் போடவே இல்ல. இல்லாதத சொன்னா பெயில்தான், தெரியும்தானே? யோசிச்சுச் சொல்லுங்க."

இரைச்சல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. யதுஷாவோ மறுபடி குனிந்தாள்.

"அன்ரி, மூச்சை ஒருக்கா பிடியுங்கோ. ம்ம், இப்ப விடுங்கோ." நிமிர்ந்தாள். "கேக்குது மிஸ். மூச்சு அசையேக்க மட்டும் கேக்குது. வருத்தமில்லை எண்டு நினைக்கிறன். அன்ரி, உள்ளுக்க ஏதும் போட்டிருக்கிறியளோ?"

"என்ன போட்டிருக்கிறன்? உமக்குத்தான் காதில பிழை!"

பஹ்மியா மிஸ் எழுந்து வந்து தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"அன்ரி, அத கழட்டுங்க பாப்பம்."

"ஏலாது! அவருக்கு பைபாஸ் செய்து ஆறு மாசமும் ஆகேல்லை. இப்ப போய்த் தாலியைக் கழட்டச் சொல்லுறியளோ?"

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"கழட்ட வேணாம், விடுங்க," என்று பஹ்மியா மிஸ் திரும்பிப் போய், தாளில் ஏற்கெனவே போட்டிருந்த பிழை அடையாளத்தை வெட்டிச் சரி போட்டார். "கேட்டதத்தானே சொன்னீங்க. பாஸ், போங்க."

யதுஷா நன்றி சொல்லவும் மறந்து, தாயாருக்குப் போன் எடுக்க வெளியே ஓடினாள். மிச்சப் பதினொரு மாணவர்களுக்கும் உடுப்பை எனக்கு மாட்டினார்கள். கட்லட் ஆறிப்போனது.

மிஸிஸ் இரத்தினசிங்கம் பின்னேரமே பிளட்ஸில் ஒரு கதவு விடாமல் சொல்லிவிட்டார்: "நான் கழட்டாமல் இருந்தபடியால்தானே பிள்ளை பாஸ்!"